கேட்டதைக் குடுங்க

நோயாளியைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்று இந்த ஊருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ, அவர் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் நடந்திருப்பதே வேறு. கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு வாசலில் மூன்று வருடம் செக்போஸ்ட் போலீஸ் மாதிரி நின்றேன். வருகிறவர்களின் கையில் தொங்கும் பையைத்தான் முதலில் பார்ப்பேன், முகத்தை அப்புறம்தான். இளநீர் இருக்கும். சாத்துக்குடி இருக்கும். ஒரு சீப்பு வாழைப்பழம் இருக்கும். எல்லாமே அம்மாவுக்கு விஷம். சிறுநீரகம் இரண்டும் சுருங்கிப்போன ஒருத்திக்கு இளநீர் கொடுத்தால் இதயமே நின்றுபோகும் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. "இன்னாம்மா சொல்ற? இளநி குளுமைதானே?" என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள். வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு, அவர்கள் தெருமுனை தாண்டியதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவேன். எங்கள் தெருவில் நன்றாகச் சதை போட்டு வளர்ந்தவர்கள் அந்தப் பிள்ளைகள்தான்.

அம்மா 2012இல் போய்விட்டாள். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால், வைகாசி மாதத்தில், ஒரு பலாச்சுளையைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற நிலையைத்தான் எழுத வேண்டும் என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு அம்மா எப்படிப்பட்டவள் என்று முதலில் சொல்லியாக வேண்டும்.

அப்பா லாரி ஓட்டினார். 2004இல், பண்ருட்டியில் முந்திரி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. எனக்கு அப்போது பள்ளிக்கூடம் முடிந்திருந்தது. நான் ஒரே பிள்ளை. மாதா கோயிலில் அப்பாவுக்கு முப்பதாம் நாள் பூசை வைத்தோம். மறுநாளே அம்மா ஒரு கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றி வந்து வாசற்படியில் இறக்கினாள். தெருவுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுக்கப் போகிறாளாம். அப்பாவின் அக்கா வந்து, துக்கம்கூட ஆறவில்லை, அதற்குள் வியாபாரமா என்று கத்தினார். அம்மா உளுந்து களைந்துகொண்டே சொன்னாள்: "அழுவணும்னா அழுதுகிட்டே அரைக்கறேன் அண்ணி. உப்பு கம்மியா போட்டுக்கலாம்." அத்தை சிரித்துவிட்டார். சிரித்ததற்காக இன்னும் கோபப்பட்டார். முதல் ஈடு மாவை வாங்கிப் போனதும் அவர்தான்.

அந்த மாவில்தான் நான் காலேஜ் படித்தேன். மாவுக்கார அம்மா என்றால் முதுநகரில் தெரியாதவர்கள் குறைவு. அதிகாலையிலிருந்து கிரைண்டர் முன்னால் நின்றபடியே இருப்பாள். 2009இல் அவளுடைய கால் வீங்கியபோது, நின்று நின்றே வீங்குகிறது என்றுதான் இருவரும் நினைத்தோம். செருப்புக்குள் பாதம் நுழையவில்லை. ஒரு காலை எழுந்தபோது முகமும் உப்பியிருந்தது. வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்ட ரத்தக்கொதிப்பு இரண்டு சிறுநீரகத்தையும் தின்றுவிட்டிருந்தது. சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்கு இடம் கிடைத்தது. திங்கள், வியாழன் போக வேண்டும், மற்ற நாட்களில் மாவு அரைக்க வேண்டும் என்று அம்மா பிரித்துக்கொண்டாள். நான் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலையில் இருந்தேன். முதலாளியிடம் கெஞ்சி அந்த இரண்டு நாளுக்கு விடுப்பு வாங்கினேன்.

ரத்தத்தை எடுக்கவும் திருப்பி ஏற்றவும் வசதியாக அம்மாவின் இடது முழங்கைக்குக் கீழே இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் கை வைத்தால் தோலுக்கு அடியில் தடதடவென்று ஓடும். மாவு வாங்க வரும் பிள்ளைகளின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்து, "பார்த்தியா, எனக்குள்ள கிரைண்டர் ஓடுது" என்பாள். பிள்ளைகள் வாய் பிளந்து நிற்கும். எனக்கு அதைத் தொடவே பயம். தூங்கும்போது மட்டும் தொட்டுப் பார்ப்பேன், ஓடுகிறதா என்று.

பத்தியம்தான் பெரிய கொடுமை. ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்தான். காபியும் ரசமும் அந்தக் கணக்கில் சேர்த்தி. காய்கறியை நறுக்கி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டி, கடைசியில் சக்கையாக இருப்பதைத் தாளித்துப் போடுவேன். அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. இது என்ன காயின்னு மட்டும் சொல்லிடு" என்பாள். கத்திரி வெயிலில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். குளிக்கப் போனால்கூட நான் கதவுக்கு வெளியே நின்று, வாய் கொப்பளிக்கும் தண்ணீரைத் துப்புகிற சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பேன். கேட்கவில்லையென்றால் கதவைத் தட்டுவேன். பெற்ற தாயை இப்படிக் காவல் காக்க வேண்டி வந்ததே என்று அடுப்படியில் தனியாக நின்று தலையில் அடித்துக்கொண்ட நாட்கள் நிறைய.

இதில் பலாப்பழம் வேறு. அம்மாவின் தாய்வீடு அண்ணாகிராமம் பக்கம். அங்கே கொல்லையில் அம்மா சின்ன வயதில் விதை போட்டு முளைத்த ஒரு பலா மரம் இருந்தது. அவள் கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து அதன் முதல் பழம் அவளுக்குத்தான். அம்மாவின் தம்பி, என் மாமா, அதைச் சாக்கில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வருவார். எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தாய்வீட்டு மரத்துப் பழம் வருவது நின்றால், அங்கே அவளை மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் மாமா நிறுத்தவில்லை. பலாப்பழமும் இளநீர் மாதிரிதான், கூடவே கூடாது என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "திங்க வாணாம்டி. வந்து எறங்கணும், அவ்ளோதான்" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அம்மாதான் அறுப்பாள். கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு, பால் ஒட்டாமல், ஒரு சுளை நசுங்காமல் எடுப்பாள். கெட்டியான மஞ்சள் சுளை. இரண்டு விரலால் ஒடித்தால் டக்கென்று ஒடியும். தெரு முழுக்கக் கொடுத்துவிட்டு, கடைசிச் சுளையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள்.

"ஒண்ணே ஒண்ணு?"

"வாயைக் கட்டும்மா! செத்துப் போவணும்னு ஆசையா இருக்கா? நான் இங்க ஒருத்தி நாயா அலையறேன்..." என்று நான் ஆரம்பித்தால் தெருவே கேட்கும். அம்மா சிரித்துக்கொண்டே சுளையை என் வாயில் திணிப்பாள்.

"கத்து, நல்லா கத்து. நீ திட்டுற வரிக்கும் எனக்கு ஒண்ணும் இல்ல. திட்டு நிக்கிற அன்னிக்குத்தான் நான் பயப்படணும்."

ஒவ்வொரு வருடமும் இதே வசனம். நான் வாயில் பலாச்சுளையோடு திட்ட முடியாமல் நிற்பேன்.

2011 டிசம்பர் கடைசியில் புயல் அடித்தது. அன்றைக்கு விடிந்தபோது கூரை ஓடு பறக்கிற சத்தமும் மரம் முறிகிற சத்தமும்தான். மதியம் வெளியே வந்து பார்த்தால் தெருவே அடையாளம் தெரியவில்லை. கரண்ட் இல்லை, போன் இல்லை, பஸ் இல்லை. எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. முந்தின நாளே மழையால் டயாலிசிஸுக்குப் போக முடியாமல் இருந்தோம். சிதம்பரம் சாலையில் மரம் மேல் மரமாகக் கிடக்கிறது என்றார்கள். உடம்பில் நீர் ஏற ஏற அம்மாவால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இரைத்தாள். பேசினால் மூச்சு பாதியில் அறுந்தது. அந்த ஊரில் அத்தனை பேர் இருந்தும் அம்மாவுக்கு மூச்சு வாங்கித்தர ஒருத்தரும் இல்லை என்று நான் வாசலில் நின்று கத்தினேன். யார்மேல் கத்தினேன் என்று தெரியாது. மாதாவை நோக்கிக்கூட கத்தினேன்.

கடைசியில் மீன் ஏற்றும் ஒரு குட்டி யானை வண்டிக்காரர் சம்மதித்தார். பின்னால் நாற்காலி போட்டு, அம்மாவை உட்காரவைத்து, நான் பிடித்துக்கொண்டேன். ஆலப்பாக்கத்துக்கு அருகில் ஒரு புளியமரம் சாலையை முழுதாக மறித்துக் கிடந்தது. பையன்கள் ரம்பமும் அரிவாளுமாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கி ஓடி, சீக்கிரம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர்கள் வீடுகளும்தான் போயிருந்தன, என்ன செய்வார்கள். அம்மா வண்டியில் இருந்தபடி, ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சாக, "தம்பிங்களா, மெதுவா... கால்ல போட்டுக்கப் போறீங்க" என்றாள். அவள் உதடு நீலமாக இருந்தது. எனக்கு அப்போது அவள்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

சிதம்பரத்தில் ஜெனரேட்டரில் மிஷின் ஓடியது. அம்மா பிழைத்துக்கொண்டாள். ஆனால் பாதியில் ரத்த அழுத்தம் அடியோடு இறங்கி, மறுநாள் பார்த்தபோது கையில் அந்தத் தடதடப்பு நின்றுபோயிருந்தது. ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டதாம். அம்மா தன் கையைத் தானே தொட்டுப் பார்த்து, "கரண்ட் போயிடிச்சி" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு கழுத்தில் குழாய் வைத்தார்கள். மிஷினில் போடும்போதெல்லாம் குளிர் ஜுரம் வந்தது. மாவு அரைப்பது நின்றது. கிரைண்டரின் மேல் ஒரு பழைய புடவையைப் போர்த்தி வைத்தாள்.

போன் வந்ததும் அம்மா தம்பியிடம் முதலில் கேட்டது மரத்தைத்தான். "நிக்குதுக்கா. ரெண்டு கிளைதான் போச்சி" என்றார் மாமா. பிறகு நான் தனியாகப் பேசியபோது உடைந்துவிட்டார். கொல்லையில் ஒரு மரம்கூட இல்லை. பலா, முந்திரி எல்லாம் வேரோடு சாய்ந்துவிட்டன. "அக்காகிட்ட சொல்லிடாத பாப்பா. இருக்கற நெலமயில தாங்காது" என்றார். சரி என்றேன்.

வைகாசியில் ஒரு வியாழக்கிழமை, டாக்டர் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். மூன்று வருடமாக அம்மாவைப் பார்ப்பவர். இதயம் பலவீனமாகிவிட்டது, மிஷினில் போட்டால் அழுத்தம் நிற்கவில்லை, போட்டபடியே ஏதாவது ஆகிவிடலாம் என்றார். "இனிமே அலைக்காதீங்கம்மா. வீட்டுலயே நிம்மதியா வெச்சுக்குங்க. பத்தியம் எல்லாம் வேணாம். கேட்டதைக் குடுங்க."

நம் ஊரில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். கூடாது கூடாது என்று மூன்று வருடம் என்னை ஓடவைத்தவர், இப்போது எல்லாம் கூடும் என்கிறார். அந்தக் கூடாதுதான் எங்களுக்கு இருந்த ஒரே பிடிமானம் என்று அவருக்குத் தெரியுமா? உள்ளே போனேன். "என்னாவாம்?" என்றாள் அம்மா. ஆஸ்பத்திரியில் மிஷினுக்குத் தண்ணீர் சுத்தம் பண்ணுகிற பிளான்ட் ரிப்பேர், சரியானதும் கூப்பிடுவார்கள் என்று வாயில் வந்த பொய்யைச் சொன்னேன்.

மாமாவுக்கு மட்டும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் தோளில் சாக்கோடு வாசலில் வந்து நின்றார். சாக்கைப் பார்த்ததும் எனக்குப் புரியவில்லை. அடுப்படிக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். பண்ருட்டி மண்டியில் வாங்கினாராம். எப்போதும் பண்ருட்டியிலிருந்துதான் ஊரெல்லாம் பலாப்பழ லாரி போகும். அந்த வருடம் கேரளாவிலிருந்து பண்ருட்டிக்கு லாரி வந்து இறங்கியிருக்கிறது. "நம்ம மரத்துதுன்னு சொல்லிக்கலாம் பாப்பா. ஒரு சுளையாவது தின்னுட்டுப் போவட்டும்" என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மெதுவாக, "சாமியாரக் கூட்டிட்டு வரட்டுமா? எண்ணெ பூசிடலாம்" என்றார். வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். சாகக் கிடக்கிறவர்களுக்குத்தான் கோயில் சாமியார் வந்து எண்ணெய் பூசுவார்; அவர் வாசலில் வந்தால் அம்மாவுக்குத் தெரிந்துபோகும். அவளுக்குத் தெரியக் கூடாது. அது ஒன்றுதான் அப்போது என்னால் அவளுக்குச் செய்ய முடிந்தது.

அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பழத்தைக் கிட்டே கொண்டுவரச் சொல்லி, முள்ளின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டினாள். "அறு" என்றாள். நான்தான் அறுத்தேன். எண்ணெய் போதவில்லை, பால் கையெல்லாம் ஒட்டியது, சுளை நசுங்கியது. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கிண்ணத்தை நிரப்பி முடித்ததும் கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு?"

என் கையில் ஒரு சுளை இருந்தது. திட்ட வேண்டும். வாயைக் கட்டும்மா என்று எப்போதும்போல் கத்திவிட்டால், தனக்கு இன்னும் திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் உண்டு என்று நம்புவாள். ஆனால் அவள் வாய்க்கு ருசியாக ஒன்றும் தின்னாமலே போய்விடுவாள். கொடுத்தால் ருசி பார்ப்பாள். கொடுத்த நிமிடமே தெரிந்துகொள்வாள். கத்தத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. கை முந்திக்கொண்டது. கொட்டையை எடுத்துவிட்டு, சுளையை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

அம்மா அதை வாயில் போடவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"திட்டலியா?"

"சாப்புடும்மா. ஒண்ணுதானே."

"திட்டுடி."

நான் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா சுளையை இரண்டு விரலால் ஒடித்தாள். அது ஒடியவில்லை, நார் நாராக இழுபட்டது. தட்டில் வைத்தாள்.

"இது நம்ம மரத்துது இல்ல."

"இல்லக்கா, மழ ஜாஸ்தியா பேஞ்சதால..." என்று மாமா ஆரம்பித்தார்.

"நீ சும்மா இருடா. மரம் போனது எனக்கு அப்பவே தெரியும். நின்னிருந்தா பொங்கலுக்கே வந்து பெரும பேசியிருப்ப. நீயும் பாவம், எவ்ளோ தூரம் தூக்கிகிட்டு வந்த." மாமா சத்தம் போட்டு அழுதார். அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். "அவன் மரத்த மறச்சான். நீ இன்னாத்த மறைக்கிற?"

சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பத்தியம் வேண்டாமாம், மிஷின் வேண்டாமாம், கேட்டதைக் கொடுக்கச் சொல்லிவிட்டாரம்மா என்று அவள் காலடியில் உட்கார்ந்து, பால் ஒட்டிய கையாலேயே முகத்தை மூடிக்கொண்டேன். உலகத்தில் எந்தப் பிள்ளையும் தன் வாயால் தாயிடம் சொல்லக் கூடாத செய்தி அது.

அம்மாவின் கழுத்துக் குழாயின் மேல் ஒட்டியிருந்த பஞ்சு மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது. பிறகு என் தலையில் கை வைத்தாள்.

"கேட்டதக் குடுக்கச் சொன்னாரா?"

"ஆமாம்மா."

"நான் பலாப்பழம் எங்கடி கேட்டேன்? மூணு வருஷமா நீ திட்டறதக் கேக்கத்தான் கேட்டுகிட்டிருக்கேன்." கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள். "நான் கேக்கறது வேற. நாளைக்கி திங்கக்கெழம. என்ன பஸ் ஏத்து."

"மிஷின்லயே ஏதாவது ஆயிடும்னு சொல்றாரும்மா."

"ஆவட்டும். போற வழியில ஆவட்டும். இங்க கட்டில்ல குந்திகிட்டு, வர்றவன் போறவன் குடுக்கற இளநிய குடிச்சிகிட்டு என்னால சாவ முடியாது."

மறுநாள் காலை அவளே தலை வாரிக்கொண்டாள். மாமாவும் நானும் இரண்டு பக்கமும் தாங்கி பஸ்ஸில் ஏற்றினோம். டாக்டர் எங்களைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தது, அம்மா அவரிடம் "நீங்கதான் கேட்டதக் குடுக்கச் சொன்னீங்களாமே, நான் மிஷின கேக்கறேன்" என்றது, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டது, எல்லாம் பிறகு நடந்தது. அந்த மிஷினால் அவளை ஆடி மாதம் வரைக்கும்தான் இழுத்துப் பிடிக்க முடிந்தது. அதுவும் பிறகு.

எனக்கு நினைவிருப்பது அந்தப் பஸ். எப்போதும்போல் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது பையிலிருந்த பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, மடமடவென்று குடித்தாள். ஒரு வாய், இரண்டு வாய், நிறுத்தவில்லை. ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தாள்.

"போதும்மா!" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பியது. "வாயைக் கட்டு! ஒரு நாளைக்கு எவ்ளோன்னு தெரியாது உனக்கு? இப்பவே எல்லாத்தையும் ஊத்திக்கினா சாயந்தரம் என்னா பண்ணுவ? நான் இங்க ஒருத்தி நாயா அலையறேன்..." கண்ணீர் வாய்க்குள் போனது. நான் நிறுத்தவில்லை.

முன் சீட்டிலிருந்து ஒரு பெண் திரும்பி, வயசானவளை இப்படியா பேசுவது என்பதுபோல் என்னை முறைத்தாள். அம்மா பாட்டிலை மூடி என் மடியில் வைத்தாள்.

"எம் பொண்ணு" என்றாள் அவளிடம். "தண்ணி ஜாஸ்தி குடிச்சா திட்டும்."